மூவொரு கடவுளைத் தியானிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தூய ஆவியாரின் வருகையை நினைவுகூரும் பெந்தக்கோஸ்து பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு மூவொரு கடவுள் பெருவிழா: தந்தை, மகன், தூய ஆவியார் என மூவராய் இருக்கும் ஒரே கடவுளின் விழா. 1334ஆம் ஆண்டு திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் இதை உலகத் திருச்சபை முழுவதற்குமான விழாவாக ஆக்கினார். மறையுரைக்கு என்ன சொல்வது என்று குருக்கள் பலர் தவிக்கும் ஞாயிறும் இதுதான். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று ஓர் உவமை வரும். மூவிலைத் தழை ஒன்று வரும். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கணக்குப் புதிராக முன்வைக்கப்பட்ட ஒன்றின் முன்னால் மண்டியிட யாருக்குத்தான் தோன்றும்?

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் 234ஆம் எண்ணில், மூவொரு கடவுள் என்னும் மறைபொருள்தான் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் கிறிஸ்தவ வாழ்வுக்கும் மையம் என்கிறது. மையம் என்றால் அன்றாடச் செபத்தில் அது தென்பட வேண்டும். நம்மில் பலருக்குத் தென்படுவதில்லை. 'கடவுளே' என்று பொதுவாக அழைக்கிறோம், இயேசுவிடம் பேசுகிறோம், தூய ஆவியாரைத் தேர்வு நேரத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

இந்த வழிகாட்டி ஒரே எண்ணத்தின் மேல் நிற்கிறது. மூவொரு கடவுளை வெளியே நின்று உற்றுப் பார்ப்பதற்கு இடமே கிடையாது. செபிக்கத் தொடங்கியவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் பவுல் இதைத்தான் சொல்கிறார்: நாம் "அப்பா, தந்தையே" என்று கூப்பிடுவதே தூய ஆவியாரால்தான். அந்தக் கூப்பாடு முதலில் மகனுக்கு உரியது. ஆவியாரில், மகனோடு, தந்தையை நோக்கி என்பதே நம் செபத்தின் திசை. அதைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, கவனிக்கத் தொடங்கினால் போதும்.

தொடங்கும் முன்

நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் நல்லது. இருபது நிமிடமும் போதும். இடம் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் தினமும் அதே இடமாக இருக்கட்டும். கையில் திருவிவிலியம், ஒரு சிறு நோட்டு. கைப்பேசி வேறு அறையில். படிகளை வரிசையாகச் செய்யுங்கள். ஒரு படியில் மனம் நிறைவோடு தங்குமானால் அடுத்ததற்கு அவசரப்பட வேண்டாம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரும் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இதையேதான் சொல்கிறார்.

முதல் படி: சிலுவை அடையாளம்

"தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்." இதைச் சொல்ல நமக்கு இரண்டு விநாடி போதும். கோயில் வாசலில் தீர்த்தம் தொட்டுப் போடும்போது அதுகூட ஆகாது. ஈயை விரட்டுவதா, சிலுவை போடுவதா என்று பார்ப்பவர் குழம்பும் அளவுக்கு வேகம்.

முதல் சில நாட்களுக்கு இதை மட்டும் செய்யுங்கள். நெற்றியில் கையை வைத்துத் தந்தையை அழைத்து நிறுத்துங்கள். ஒரு மூச்சு. நெஞ்சுக்குக் கையை இறக்கி மகனை அழைத்து நிறுத்துங்கள். தோளுக்குத் தோள் கையைக் கொண்டுபோய்த் தூய ஆவியாரை அழையுங்கள். உங்களுக்குத் திருமுழுக்கு அளித்தபோது இதே பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றினார்கள். அன்று நீங்கள் எதையும் புரிந்துகொள்ளவில்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான். இப்போது அதே பெயரை, தெரிந்தே, உங்கள் உடலின் மேல் எழுதுகிறீர்கள். ஐந்து நிமிடம் ஆகட்டும். முடிந்ததும் எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள்.

இரண்டாம் படி: உவமைகளை இறக்கி வைத்தல்

இது கொஞ்சம் மூளைக்கு வேலை கொடுக்கும் படி. தவிர்க்க முடியாது. தவறான படம் ஒன்று மனத்தில் இருந்தால் தியானம் முழுவதும் அந்தப் படத்தைச் சுற்றியே ஓடும்.

நோட்டை எடுத்து, 'மூவொரு கடவுள்' என்றதும் உங்களுக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் எழுதுங்கள். வெண்தாடி முதியவர், இளைஞர், புறா என்று எழுதினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதியவர் உருவம் தானியேல் நூலின் ஏழாம் அதிகாரத்திலிருந்தும், புறா இயேசு திருமுழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றங்கரையிலிருந்தும் வந்தவை. 1745இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இது பற்றியே ஒரு மடல் எழுதினார். மறைநூலில் காட்டப்பட்ட உருவங்களை வரையலாம். தூய ஆவியாரைத் தனியே ஓர் இளைஞராக வரைவது ஆகாது என்பது அதன் சாரம். படங்கள் சுவரில் இருக்கட்டும். தியானத்தில் அவற்றைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

அடுத்து உவமைகள். பனிக்கட்டி, தண்ணீர், நீராவி என்ற உவமைப்படி ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பவரின் பெயரோடு சேர்ந்த தவறான போதனை இதுதான். இது உண்மையானால் கெத்சமனியில் இயேசு யாரிடம் மன்றாடினார்? தமக்குத் தாமேவா? மூவிலைத் தழை இதற்கு நேர்மாறான பள்ளத்தில் விழுகிறது: ஒவ்வோர் இலையும் தழையில் மூன்றில் ஒரு பங்கு. தந்தை கடவுளின் மூன்றில் ஒரு பங்கு அல்லர், முழுமையாகக் கடவுள். மகனும் அப்படியே. ஆவியாரும் அப்படியே. கதிரவன், ஒளி, வெப்பம் என்ற உவமையைப் பழைய திருச்சபைத் தந்தையர் சிலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். மற்றவற்றைவிட அது மேல். ஆனால் ஒளி கதிரவனைப் பார்த்து 'அப்பா' என்று அழைக்காது.

நம் ஊர்களில் இன்னொரு கேள்வியும் எழும்: பிரம்மா, விஷ்ணு, சிவன் போலவா? பிற சமய நண்பர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழிலைப் பிரித்துச் சொல்லும் முறை அது. கத்தோலிக்க நம்பிக்கையில் தொழில் பிரிவினை இல்லை. படைப்பும் மீட்பும் தூய்மையாக்கலும் மூவரின் ஒரே செயல். படைப்பைத் தந்தைக்கும் தூய்மையாக்கலைத் தூய ஆவியாருக்கும் சிறப்பாக உரித்தாக்கிப் பேசுவது வழக்கம்தான்; அதை வேலைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதரானவர் மகன் மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் மூவரையும் வேறுபடுத்துவது எது? உறவு ஒன்றுதான். தந்தை மகனைப் பிறப்பிக்கிறார், மகன் பிறப்பிக்கப்படுகிறார், தூய ஆவியார் தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும் புறப்படுகிறார். இந்த உறவு எதிரெதிராய் நிற்கும் இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மூவரும் ஒன்றே என்று ஆயர்கள் கூடிய புளோரன்ஸ் பொதுச்சங்கம் 1442இல் வகுத்துச் சொன்னது. தந்தையிடம் இருப்பது அனைத்தும் மகனிடம் இருக்கிறது, தந்தையாய் இருப்பது ஒன்றைத் தவிர. தந்தை எதையும் தமக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. இந்த வரியின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். இறையியல் பாடப் புத்தகத்தில் வறண்ட வரையறையாகக் கிடக்கும் இது, நம்மைப் படைத்தவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றிய செய்தி.

இந்த வேலிகளைத் திருச்சபை சும்மா கட்டவில்லை. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்ற குரு, மகன் எவ்வளவு உயர்ந்தவரானாலும் படைக்கப்பட்டவரே என்றார். 325இல் நீசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று நம்பிக்கை அறிக்கையில் எழுதினார்கள். சண்டை அதோடு முடியவில்லை. அந்தச் சொல்லுக்காக நின்ற அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியார் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அவருடைய வாதத்தில் மேதாவித்தனம் எதுவும் இல்லை: மகன் படைப்புப் பொருளானால் நம்மைக் கடவுளோடு அவரால் எப்படிச் சேர்க்க முடியும்? மீட்பே கேள்விக்குறியாகும். 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம், தூய ஆவியாரைத் தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதிக்கிறோம் என்ற அறிக்கையைத் தந்தது. ஞாயிறு திருப்பலியில் பெரிய நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது இந்த இரண்டு சங்கங்களின் வரிகளைத்தான் சொல்கிறோம்.

ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தினார் உள்மனத்திலேயே மூவொரு கடவுளின் சாயல்களைத் தேடினார்: அன்பு செய்பவர், அன்பு செய்யப்படுபவர், அன்பு, பிறகு நினைவு, அறிவு, விருப்பம். மூவொரு கடவுளைப் பற்றிப் பதினைந்து பாகங்கள் எழுதிய அவரே, கடைசிப் பாகத்தில் இவை போதாது என்று ஒப்புக்கொண்டு, நூலை ஒரு மன்றாட்டோடு முடிக்கிறார். (கடற்கரையில் சிறுவன் கடல்நீரைக் குழிக்குள் ஊற்றும் கதை அவர் எழுத்துகளில் இல்லை. இடைக்காலத்தில் பிறந்த கதை அது. ஆனாலும் மறையுரையாளர்கள் அதை விடுவதாக இல்லை.) 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம், படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே எந்த ஒப்புமையைச் சொன்னாலும் அதைவிடப் பெரிய வேற்றுமை அங்கே இருக்கும் என்றது. உவமை சொல்பவர்கள் எல்லாரும் மேசை மேல் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய வரி.

இந்தப் படியின் பயிற்சி எளிது. நம்பிக்கை அறிக்கையை வாக்கியம் வாக்கியமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்ற இடத்தில் நிறுத்துங்கள். விளக்கம் தேட வேண்டாம். அந்த வாக்கியத்துக்காக நாடு கடத்தப்பட்டவர்களை நினைத்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

மூன்றாம் படி: இயேசு செபிக்கும் இடத்தில் நிற்பது

மூவொரு கடவுளைப் பற்றி மறைநூலில் எங்கே படிப்பது என்று கேட்டால் உடனே மத்தேயு 28:19 என்பார்கள். அது முக்கியமான இடம்தான். தியானத்துக்கு நான் முதலில் எடுக்கச் சொல்வது லூக்கா 10:21.

இயேசு அனுப்பிவைத்த சீடர் எழுபத்திரண்டு பேரும் பணி முடித்து மகிழ்ச்சியோடு திரும்பியிருக்கிறார்கள். "அந்நேரத்தில் இயேசு தூய ஆவியால் பேருவகையடைந்து, தந்தையே, விண்ணுக்கும் மண்ணுக்கும் ஆண்டவரே, உம்மைப் போற்றுகிறேன்" என்கிறார். ஒரே வாக்கியம். மகன் மகிழ்கிறார், ஆவியாரால் மகிழ்கிறார், தந்தையை நோக்கி மகிழ்கிறார். இங்கே வரையறையோ கொள்கை விளக்கமோ இல்லை. காலங்காலமாக நடந்துகொண்டிருக்கும் ஓர் உரையாடல் நம் காதில் விழுகிறது, அவ்வளவே. உரையாடலின் பொருள் என்ன என்றால், ஞானிகளுக்கு மறைத்ததைக் குழந்தைகளுக்கு வெளிப்படுத்தியது. அதாவது நம்மைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

செய்யும் முறை: பகுதியை மூன்று முறை மெதுவாகப் படியுங்கள். முதல் முறை காட்சிக்காக: தூசி படிந்த கால்களோடு திரும்பி வந்தவர்கள், ஒரே நேரத்தில் பேசும் குரல்கள், இயேசுவின் முகம். நற்செய்திகளில் இயேசு இவ்வளவு பெரிய மகிழ்ச்சியில் இருப்பதைக் காட்டும் இடங்கள் அதிகம் இல்லை. இரண்டாம் முறை குரலுக்காக: 'தந்தையே' என்று அவர் அழைக்கும் விதம். மூன்றாம் முறை, அந்தச் சொல்லை அவரோடு சேர்ந்து நீங்களும் சொல்லுங்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பேச்சு முழுவதும் புரிய வேண்டிய அவசியமில்லை; மடி போதும். இந்த நிலையில் பத்து நிமிடம் இருங்கள்.

அடுத்த நாட்களில் மாற்கு 1:9-11க்குப் போகலாம். வானம் பிளவுபடுகிறது, ஆவியார் இறங்குகிறார், "என் அன்பார்ந்த மகன் நீயே" என்ற குரல் கேட்கிறது. கவனியுங்கள்: இயேசு அதுவரை ஒரு புதுமைகூடச் செய்யவில்லை, ஒரு மறையுரையும் ஆற்றவில்லை. பாவிகளின் வரிசையில் நின்று தண்ணீரில் இறங்கியது மட்டுமே. தந்தையின் பூரிப்பு மகனின் சாதனைக்கான பரிசு அல்ல. திருமுழுக்குப் பெற்ற நம் மேலும் அதே குரல் விழுகிறது என்பதை நம்புவதற்குச் சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகட்டும்.

பிறகு யோவான் 14 முதல் 17 வரை. இதை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு வசனம் போதும். "தந்தாய், நீர் என்னுள்ளும் நான் உம்முள்ளும் இருப்பதுபோல்" என்று பதினேழாம் அதிகாரத்தில் வரும் மன்றாட்டு இராவுணவின்போது, தாம் பிடிபடப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு சொன்னது. இந்த மறைபொருளை அவர் திறந்து காட்டியது சாவதற்கு முந்திய இரவில். சிலுவையை விட்டுவிட்டு மூவொரு கடவுளைத் தியானிக்க முயல்பவர்கள் வெறும் தத்துவத்தில் போய் நிற்பார்கள்.

நான்காம் படி: ஒவ்வொருவரிடமும் பேசுதல்

1522இல் ஸ்பெயின் நாட்டின் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்த லொயோலா இஞ்ஞாசியார் தினமும் தந்தைக்கு ஒரு செபம், மகனுக்கு ஒன்று, தூய ஆவியாருக்கு ஒன்று, பிறகு மூவொரு கடவுளுக்கு ஒன்று என்று சொல்லிவந்தார். மூவருக்கு ஏன் நான்கு செபம் என்று அவருக்கே ஒரு நாள் ஐயம் வந்தது. தன்வரலாற்றில் இதைச் சொல்லிவிட்டு, அந்த ஐயம் தம்மை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை என்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். அவர் கணக்கைச் சரிசெய்து முடித்துவிட்டுப் பிறகு செபிக்கவில்லை.

அதற்குப் பின் ஒரு நாள், துறவு மடத்துப் படிக்கட்டில் அமர்ந்து அன்னை மரியாவின் திருப்புகழ்மாலையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூவொரு கடவுளை இசைக் கருவியின் மூன்று கட்டைகளாகக் கண்டதாகச் சொல்கிறார். அழுகையை அடக்க முடியவில்லை. அன்று உணவுக்குப் பிறகும் வேறு எதைப் பற்றியும் அவரால் பேச முடியவில்லை. இறையியல் படிப்பை அவர் அப்போது தொடங்கவே இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயிற்சி: இருபது நிமிடத்தை நான்காகப் பிரியுங்கள். தந்தையிடம், நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பதைப் பேசுங்கள். உயிர், பெற்றோர், பெற்றுக்கொண்டவை. மகனிடம் நண்பரிடம் பேசுவதுபோல் இன்றைய கவலையைப் பேசுங்கள். தூய ஆவியாரிடம் பேசுவதுதான் பலருக்குக் கடினம், அவருக்கு முகம் இல்லை. அவர் நம் எதிரே நிற்பதைவிட நமக்குள்ளிருந்து செபிப்பவர் என்பதால் அப்படித்தான் இருக்கும். சொல்ல வரவில்லை என்றால் அமைதியாக இருங்கள். சொல்வடிவம் பெறாத பெருமூச்சுகளால் அவர் நமக்காகப் பரிந்து பேசுவதாக உரோமையர் 8:26 சொல்கிறது. கடைசி ஐந்து நிமிடம் மூவொரு கடவுளுக்கு: "தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் மாட்சிமை உண்டாவதாக" என்பதை மெதுவாக, திரும்பத் திரும்ப.

மனம் மூவரிடையே தாவிக்கொண்டே இருந்தால் தடுக்க வேண்டாம். ஒருவரை நினைத்த உடனேயே மூவரின் ஒளி சூழ்ந்துகொள்கிறது, மூவரைப் பிரித்தறிந்த உடனேயே ஒருவரிடம் இழுக்கப்படுகிறேன் என்று நான்காம் நூற்றாண்டு ஆயர் நசியான் கிரகோரியார் திருமுழுக்கைப் பற்றிய தம் உரையில் சொன்னார். அவருக்கே அப்படி.

ஐந்தாம் படி: மூவரோடு சேர்ந்து உலகைப் பார்ப்பது

இதுவும் இஞ்ஞாசியாரிடமிருந்து வருவதுதான். ஆன்மிகப் பயிற்சிகளில் மனிதராதல் பற்றிய தியானத்தை அவர் நாசரேத்தில் தொடங்குவதில்லை. மூன்று இறையாட்களும் பூமிப் பரப்பு முழுவதையும் நோக்குகிறார்கள்: சிலர் வெள்ளையர், சிலர் கறுப்பர், சிலர் அமைதியில், சிலர் போரில், சிலர் அழுகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பிறக்கிறார்கள், சிலர் சாகிறார்கள். பார்த்துவிட்டு, மகன் மனிதராக வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அதன் பிறகுதான் கன்னி மரியாவின் சிறு அறை.

அதே போல் உங்கள் தெருவைப் பாருங்கள். மருத்துவமனை வரிசை, கடன்காரர் வாசலில் நிற்கும் வீடு, புதிதாய்க் குழந்தை பிறந்த வீடு, பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி. செய்தித்தாளின் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டும் இதைச் செய்யலாம். பார்ப்பது நீங்கள் மட்டும் அல்ல என்பதே இதில் முக்கியம். இதுவரை செய்த படிகள் உங்கள் கவனத்தை மூவரிடம் திருப்பின. இங்கே மூவரும் பார்க்கும் திசைக்கு உங்கள் முகம் திரும்புகிறது. இந்தப் படியைத் தாண்டிப் போக விரும்புபவர்கள் உண்டு, ஆன்மிக அமைதி கலைகிறது என்பார்கள். கலையட்டும்.

கண்ணுக்கு ஏதாவது வேண்டும் என்பவர்கள் ஆந்திரேய் ரூப்ளெவ் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய திருவோவியத்தின் படம் ஒன்றை முன்னால் வைத்துக்கொள்ளலாம். அது ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் செல்வம். கத்தோலிக்கரும் அதன் முன் செபிக்கிறார்கள். தொடக்கநூல் 18இல் மம்ரே மரத்தடியில் ஆபிரகாமைத் தேடிவந்த மூன்று விருந்தினர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். மூவரின் உடையிலும் நீலம் உண்டு. நடுவில் ஒரு கிண்ணம். மேசையின் நம் பக்கம் காலியாக இருக்கிறது.

ஆறாம் படி: உள்ளே குடியிருப்பவர்கள்

பிரான்சின் திஜோன் நகரத்துக் கார்மேல் மடத்தில் 1901இல் சேர்ந்த எலிசபெத், பியானோ வாசிப்பில் பரிசு வாங்கிய இளம்பெண். துறவியானபின் மூவொரு கடவுளின் எலிசபெத் என்று பெயர். 1904 நவம்பர் 21 அன்று அவர் எழுதிய மன்றாட்டின் ஒரு பகுதியை மறைக்கல்வி நூல் 260ஆம் எண்ணில் எடுத்தாள்கிறது. தம்மை மறக்க உதவும்படியும், தம் ஆன்மாவைத் தம் இறைவனின் விண்ணகமாகவும் இளைப்பாறும் இடமாகவும் ஆக்கும்படியும் கேட்கிறார். 1906இல், 26 வயதில், அடிசன் நோயால் மிகுந்த வேதனைப்பட்டு இறந்தார். 2016 அக்டோபர் 16 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இது மடத்துச் சுவருக்குள் இருப்பவர்களுக்கான வழி என்று நினைக்க வேண்டாம். அவர் தம் கடைசிக் கோடையில், மணமாகி இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்த தங்கைக்காகத்தான் ஒரு தியானத் தொகுப்பை எழுதினார். குழந்தைகளையும் வீட்டு வேலையையும் கவனித்துக்கொண்டே உள்ளே இருப்பவர்களோடு இருக்கலாம் என்பதுதான் தங்கைக்கு அவர் சொன்ன செய்தி.

அடிப்படை வசனம் யோவான் 14:23: "நாங்கள் அவரிடம் வந்து அவருடன் குடிகொள்வோம்." இந்தப் பயிற்சிக்கு அரை மணி நேரம் தேவையில்லை. நாளில் சில இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்: அடுப்பு பற்றவைக்கும்போது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், இரவு விளக்கை அணைக்கும் முன். அந்தந்த இடத்தில் பத்து விநாடி, 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று உள்நோக்கிச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். உணர்வு எதுவும் வராமல் இருக்கலாம். குடியிருப்பவர் இருப்பது நம் உணர்வைப் பொறுத்தது அல்ல, சாவான பாவம் இல்லாத அருள்நிலையைப் பொறுத்தது. ஆகவே பாவ அறிக்கை செய்து நெடுநாள் ஆனவர்கள் இந்தப் படிக்கு முன்னால் ஒப்புரவு அருளடையாளத்தைத் தேடிப் போவதே முறை.

ஏழாம் படி: திருப்பலிக்குள்

வீட்டில் செய்த அனைத்தும் இங்கே வந்து சேர்கிறது. திருப்பலியின் மன்றாட்டுகள் பெரும்பாலும் தந்தையை நோக்கியவை. இயேசு கிறிஸ்து வழியாக, தூய ஆவியாரின் ஒன்றிப்பில் என்றுதான் முடியும். நற்கருணை மன்றாட்டின் இறுதியில் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தி "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று தொடங்கும் புகழுரை, இந்தக் கட்டுரை இதுவரை சொன்ன அனைத்தையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறது. அதற்கு மக்கள் சொல்லும் 'ஆமென்' பல கோயில்களில் முணுமுணுப்பாக வருகிறது. நீங்களாவது முழுக் குரலில் சொல்லுங்கள்.

நான்காம் நூற்றாண்டில் செசாரியா ஆயர் பேசிலியார் வழிபாட்டில் இரண்டு விதமான புகழுரைகளைச் சொன்னதற்காகச் சிலரிடம் திட்டு வாங்கினார்: 'மகன் வழியாக, தூய ஆவியாரில் தந்தைக்கு' என்பது ஒன்று, 'மகனோடும் தூய ஆவியாரோடும் தந்தைக்கு' என்பது மற்றொன்று. அவர் பதிலாகத் தூய ஆவியாரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். முதலாவது நாம் கடவுளிடம் செல்லும் வழி. இரண்டாவது, மூவரும் ஒரே மாட்சியுடையவர்கள் என்ற அறிக்கை. நம் செபத்திலும் இரண்டும் வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் மகனும் ஆவியாரும் தந்தையை அடைவதற்கான கருவிகளாகச் சுருங்கிவிடுவார்கள்.

வரக்கூடிய இடைஞ்சல்கள்

பலர் முதலில் சொல்வது, ஒன்றும் நடக்கவில்லை என்பது. இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் மளிகைக் கணக்கு ஓடியிருக்கும். கவனம் சிதறியதைத் தெரிந்துகொண்ட கணத்தில் சிலுவை அடையாளத்துக்குத் திரும்புங்கள். சிதறலோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

மூவரில் ஒருவரிடம் மட்டும் நெருக்கம் வருகிறது, மற்றவர் தொலைவில் இருக்கிறார் என்பது இன்னொன்று. தந்தையோடு கசப்பான அனுபவம் உள்ளவர்களுக்கு விண்ணகத் தந்தையிடம் போவது கடினம். அவர்கள் மகனிடமே இருக்கலாம். "என்னைக் காண்பது தந்தையைக் காண்பது ஆகும்" என்று யோவான் 14:9இல் அவரே சொல்கிறார்.

காட்சி, குரல், அசாதாரண உணர்வு ஏதேனும் வந்தால் ஊரெல்லாம் சொல்லாமல் அனுபவமுள்ள ஆன்ம குருவிடம் மட்டும் சொல்லுங்கள். கார்மேல் சபைத் துறவி அவிலா தெரேசா 1577இல் எழுதிய அகமாளிகை என்ற நூலின் ஏழாம் பகுதியில், மூவொரு கடவுளின் உடனிருப்பை அடைந்த ஆன்மா முன்பைவிடத் தொண்டில் அதிகமாக ஈடுபடும் என்கிறார். செபம் நீள நீள வீட்டில் எரிச்சல் கூடுகிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் முடித்தபின் இஞ்ஞாசியார் சொன்னபடி கால் மணி நேரம் உட்கார்ந்தோ நடந்தோ, செபம் எப்படிப் போனது என்று பாருங்கள். எங்கே மனம் தங்கியது, எங்கே வறண்டது என்று நோட்டில் இரண்டு வரி. அடுத்த நாள் தங்கிய இடத்திலிருந்து தொடங்கலாம்.

விழாவை ஒட்டி ஒரு வாரம்

ஆண்டில் ஒரு முறையாவது, பெந்தக்கோஸ்துக்கும் மூவொரு கடவுள் பெருவிழாவுக்கும் இடைப்பட்ட வாரத்தை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுச் சுழற்சியில் அந்த விழாவுக்கு வரும் வாசகங்களே தியானப் பொருளாகப் போதும். முதல் ஆண்டு விடுதலைப் பயணம் 34, 2 கொரிந்தியர் 13, யோவான் 3:16-18. இரண்டாம் ஆண்டு இணைச்சட்டம் 4, உரோமையர் 8:14-17, மத்தேயு 28:16-20. மூன்றாம் ஆண்டு நீதிமொழிகள் 8:22-31, உரோமையர் 5:1-5, யோவான் 16:12-15.

இவற்றில் நீதிமொழிகள் பகுதிக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுங்கள். படைப்புக்கு முன்னமே கடவுளோடு இருந்து, அவர் முன் எந்நேரமும் மகிழ்ந்து விளையாடும் ஞானத்தைப் பற்றியது அது. மகன் படைக்கப்பட்டவரே என்று நிறுவ ஆரியுஸ் தரப்பினர் முதன்மைச் சான்றாகத் தூக்கிப் பிடித்ததும் இதே பகுதியைத்தான். திருச்சபை அதை அவர்களிடம் விட்டுக்கொடுக்காமல், மூவொரு கடவுளின் பெருவிழாவிலேயே வாசிக்கிறது.